மூன்று மில்லிமீட்டர்

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை. விஷவாயுவைக் கண்டுபிடிக்கிற சென்சாரை என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாரோ என்கிற பொறாமை. சிரிப்பு வருகிறதா, சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கும் பெங்களூரில் ஒரே லேப். எங்கள் ஊர் மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊர், விடியும்போதே அங்கே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறுவோம். அவர் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பே நான் அங்கே சேர்ந்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்பார்கள்: "உன் வீட்டுக்காரர் இன்னாவோ கண்டுபிடிக்கறாராமே?" நானும் அதே வேலைதான் என்றால், "அப்டியா, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிக் குடுக்கறியா?" என்பார்கள். வயிறு எரியும்.

இந்த முறை வந்த வேலை, சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள, உறுத்தாத மாதிரி மெல்லிசாக ஒரு பேட்ஜ். மெஷின் வந்தும் இன்னும் ஆளைத்தான் இறக்குகிறார்கள். எங்கள் பெட்டியில் மாரிகுப்பத்திலிருந்து வரும் ஓர் அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு. முதல் பேட்ஜை அவர்தான் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள் வைக்கிற செல் என்னுடையதா, என் வீட்டுக்காரருடையதா என்பதுதான் பாக்கி.

செல் என்றால் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு டப்பா. உள்ளே மூன்று மின்முனைகள், நனைந்த தாள், கொஞ்சம் ஆசிட். வாயு உள்ளே போனால் துளி மின்சாரம் ஓடும், அலாரம் கத்தும். அவருடைய செல் ஒன்றைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். ஆசிட் அறையில் பாதியைக் காலியாக விட்டிருந்தார். இன்னா மனுஷன் இவர், ஒவ்வொரு மயிரிழைக்கும் நான் அடித்துக்கொள்கிறேன், இவர் இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். என் செல்லில் அந்தக் காலி இடத்தையே எடுத்துவிட்டேன். அவருடையதைவிட மூன்று மில்லிமீட்டர் மெல்லிசு.

பத்து நாள் வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மே மாத வெயில், சுரங்கத்தில் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காய்ந்த புழுதிக் காற்று. ஒன்றும் ஆகவில்லை. லேப்பில் ஈரக்காற்றுச் சோதனைக்கென்று ஒரு பெட்டி உண்டு. அதில் வேறொரு டீமின் சாமான் இருந்தது. காத்திருந்தால் இவர் முந்திவிடுவார். அப்படியே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். மேனேஜர் இரண்டு செல்லையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார்.

அன்று ரயிலில் ஜன்னல் சீட்டை இவருக்கே விட்டுக்கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம். "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். பாவம், வயித்தெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இனித்தது.

மூன்று வாரம் போனது. பேட்ஜை அண்ணனிடம் கொடுக்க வேண்டிய வாரத்துக்கு முந்தின ஞாயிறு. சோப்பு தேடும்போது பாத்ரூம் பரண்மேல் என் எவர்சில்வர் டிபன் டப்பா கண்ணில் பட்டது. மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர், மேலே கம்பியில் இரண்டு செல். அவருடையது காய்ந்து சுத்தமாக இருந்தது. என்னுடையதில் விளிம்பெல்லாம் ஆசிட் கசிந்து கம்பியை அரித்திருந்தது.

அவர் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ள சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? என் செல்லக் கெடுக்கப் பாக்கறீங்களா?"

"கெடுக்கலம்மா. குழிக்குள்ள எவ்ளோ ஈரம் இருக்கும்? அந்த ஈரத்த ஆசிட் குடிக்கும். குடிச்சா பெருகும். பெருகறதுக்கு எடம் வேணும்ல?"

"தெரிஞ்சவரு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா வயித்தெரிச்சல்ல சொல்றேன்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கசிந்த செல் கத்தாது. வாயு வந்தாலும் பேசாமல் கிடக்கும். அது கத்தவில்லை, அதனால் பயமில்லை என்று அண்ணன் இறங்கியிருப்பார். அன்று சர்ச்சில் முழங்கால் போட்டபோது ஜெபம் வரவில்லை, அண்ணன் சட்டைதான் கண் முன்னால் நின்றது.

திங்கட்கிழமை டப்பாவை நானே மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். தப்பைக் கண்டுபிடித்த பெயரும் இவருக்கே போய்விடக் கூடாது, பாருங்கள். மேனேஜர் என் செல்லை ஒதுக்கி வைத்துவிட்டு இவருடையதைப் பேட்ஜில் மாட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் அண்ணன் அந்தப் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு ரயிலில் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"தடிமனா இருக்காண்ணே? உறுத்துதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, இருக்கறதே தெரில." அண்ணன் பேட்ஜைத் தடவிப் பார்த்தார். "உள்ள இருக்கறத நீதான் செஞ்சியாம்மா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இல்லண்ணே, இவரு செஞ்சது" என்று சொல்ல எனக்குப் பங்காருபேட்டை ஸ்டேஷன் வரைக்கும் ஆனது.