கதவைத் தொடும் பலோம்பா

வலது கை மேலே போகும். விரல் நுனி நிலைக்காலைத் தொடும். அதே விரல் உதட்டுக்கு வந்து ஒரு முத்தம் வாங்கிக்கொண்டு இறங்கும். அதற்குப் பிறகுதான் பலோம்பாவின் கால் வாசலைத் தாண்டும். வீட்டுக் கதவு, கடைக் கதவு, கழிப்பறைக் கதவு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கோழிக்கூண்டில் முட்டை எடுக்கக் குனியும்போதுகூட, அந்தச் சின்னக் கதவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் உள்ளே கையை விடுவாள். வயது ஏழு. முன்பல் இரண்டு இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என் அக்காள் மகள்.

கிரேக்க நாட்டுச் சலோனிகா நகரத்தில் இருந்தவரை இதை ஒருவரும் கவனித்ததில்லை. எங்கள் யூதத் தெருவில் எல்லா வீட்டின் வலது நிலைக்காலிலும் வேத வரிகளைச் சுருட்டி வைத்த சிறு கூடு ஒன்று அடித்திருக்கும். தொடாமல் போகிறவனைத்தான் திரும்பிப் பார்ப்போம். இவளுக்கு எட்டாத உயரம் என்பதால் இவள் அப்பா தினமும் தூக்கிப் பிடிப்பார். அந்த அப்பாவையும் என் அக்காளையும் ஜெர்மானியர்கள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் இவளும் பொய்ப் பெயர்களோடு தப்பி, ஏவியாத் தீவில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வந்து விழுந்தோம். அங்கே நான் ஏதென்ஸ் விதவை. இவள் என் மகள் வசிலிகி. பொய்ப் பெயர் அவள் நாக்குக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. கைக்குத்தான் எதுவும் பழகவில்லை.

"இந்தக் கைய என்னடி பண்றது? கட்டிப் போட்டுடட்டுமா?" என்றேன் ஒரு நாள், பொறுக்க முடியாமல்.

"கட்டிப் போடு சித்தி. நான் மூக்கால தொட்டுக்கறேன்."

செய்தும் காட்டினாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். தொப்பி தைக்கும் கடையில் என்னிடம் வேலை பார்த்த பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இவளை அடிக்கவும் கை ஓங்கியிருக்கிறேன். அடித்ததில்லை. அப்பாவிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டு வந்தது அந்த ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கினால் என்னைவிடப் பாவி யார்?

எங்களுக்கு இடம் கொடுத்த கலியோப்பி, மீனவர் வீட்டுப் பெண். எங்கள் விஷயம் முழுதும் தெரிந்தவள். அவள் சுத்தியலை எடுத்தாள்.

"தொடறத நிறுத்த முடியலன்னா விடு. தொடறதுக்கு ஏதாச்சும் வெச்சுடுவோம்."

அந்தச் சனங்கள் புனிதர் படத்தைக் கண்ட இடத்தில் முத்தமிடுகிறவர்கள். ஆகவே ஒவ்வொரு கதவு நிலையிலும், ஏழு வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு புனிதரை ஆணியடித்து மாட்டினாள். வீட்டிலிருந்த புனிதர்கள் தீர்ந்ததும் அண்டை வீட்டில் கேட்டு வாங்கினாள். கோழிக்கூண்டுக்கு வரும்போது யாரும் மிச்சமில்லை. பழைய காலண்டரில் சோப்பு விளம்பரத்துக்கு நின்றிருந்த மீசைக்காரர் ஒருவரைக் கத்தரித்து ஒட்டினாள். கோழிகளுக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு மாதத்தில் பலோம்பா ஊரின் பக்திச் செல்வம் ஆகிவிட்டாள். "அந்த வசிலிகியப் பாரு, நீயும் இருக்கியே தடிமாடு" என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். திட்டு வாங்கிய பிள்ளைகள் கதவைத் தொட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள். வீட்டுக்கு வீடு புனிதர்கள் இடுப்பளவுக்கு இறங்கி வந்தார்கள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த அதிசயக் குழந்தையைப் பார்க்கப் பாதிரியார் தனாசிஸ் வந்தார்.

"இவ்வளவு பக்திய நான் பாதிரிமார்கிட்டயே பாத்ததில்லயே, கண்ணு."

பலோம்பா கதவு நிலையிலிருந்த புனிதரைக் காட்டி, பாதிரியார் காதருகே போய், அறை முழுதும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள். "நான் இவரோட மூஞ்சியத் தொடறதில்ல சாமி. மேல இருக்கற கட்டையத்தான் தொடறேன்."

என் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது. பாதிரியார் புனித அந்திரேயாவின் அந்தப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடி குலுங்கச் சிரித்தார். "அந்திரேயா கோவிச்சுக்க மாட்டாரும்மா. அவரும் உங்க ஆளுதான். வலை வீசிப் பொழைச்ச யூதர்."

தப்பிக்கும் வழியையும் அவரே சொன்னார். ஜனவரியில் கடலை ஆசீர்வதிக்கும் திருநாள். பாதிரியார் சிலுவையைக் கடலில் எறிவார், இளவட்டங்கள் குதித்து எடுப்பார்கள், படகுகள் எல்லாம் கரையை விட்டு விலகி நின்று வேடிக்கை பார்க்கும். அந்தக் கூட்டத்தோடு கலியோப்பியின் கணவர் படகு எங்களை ஏற்றிக்கொண்டு நழுவிவிடும். அக்கரை துருக்கி. நடுவில் இருந்த தடை ஒன்றே ஒன்று. துறைமுகத்துக்குப் போக மதிலில் ஒரே ஒரு மரக் கதவு. அங்கே ஜெர்மானியருக்குச் சேவகம் செய்யும் சார்ஜெண்ட் ஒருவன். வெளியூர்க்காரன். அந்தக் கதவில் புனிதர் யாரும் இல்லை.

"இந்த ஒரு கதவ மட்டும் விட்டுடுடி தங்கம்" என்று திருநாளன்று காலையிலிருந்து கெஞ்சினேன். சரி சரி என்று தலையாட்டினாள். கதவு வந்தது. கை போனது. முத்தமும் முடிந்தது.

சார்ஜெண்ட் அவள் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். "என்ன பண்ணின இப்போ?"

"கதவத் தொட்டேன்."

"யூதப் பசங்கதான் கதவத் தொடும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

இவளுக்கு அப்போதும் அந்த ஓட்டைப்பல் சிரிப்பு. "இங்க எல்லாரும் தொடுவோம். வேணும்னா பாத்துக்கிட்டே இருங்க."

எங்களுக்குப் பின்னால் திருநாளுக்குக் கிளம்பிய ஊரே வரிசையில் நின்றது. பாதிரியார் சிலுவையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். வெறும் மரத்தைத் தொட்டார், விரலை முத்தமிட்டார், போனார். கலியோப்பி தொட்டாள். பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொண்டு தொட்டார்கள். ஒரு தாய் கைக்குழந்தையின் விரலைப் பிடித்துத் தொட வைத்தாள். கக்கத்தில் ஆட்டுக்குட்டியோடு வந்த கிழவர் அதன் குளம்பையும் நிலைக்காலில் ஒற்றினார். நானும் தொட்டேன். சலோனிகாவை விட்ட பிறகு அன்றுதான் முதல் முறை. கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சாமி இது, இந்த ஊர் வழக்கமா?" என்றான் சார்ஜெண்ட், குரல் இறங்கி.

"தொடாம கடலுக்குப் போனவன் எவனும் திரும்பி வந்ததில்லப்பா" என்றார் பாதிரியார், தூரத்திலிருந்தே.

சார்ஜெண்டின் பிடி தளர்ந்தது. அதே நேரம் கடலிலிருந்து ரோந்துப் படகு அவனை ஏறச் சொல்லி ஊதியது. எங்கள் படகு எங்களைத் துருக்கிக் கரையில் பத்திரமாக இறக்கியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து நடந்ததைக் கேட்டால் நாங்கள் பிழைத்தோம் என்று நம்ப மாட்டீர்கள்.

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனான். தயங்கினான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடப்பக்க நிலைக்காலை லேசாகத் தொட்டான். பலோம்பா ஓடிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கையை வலப்பக்க நிலைக்காலில் கொண்டுபோய் வைத்தாள்.