குளிப்பு மண்டபத்தில் தண்ணீர் விற்றவன்

உரோமாபுரி யாத்திரைக்கு ஒஸ்லோவிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கர் நாங்கள் பெயர் கொடுக்கத் தொடங்கியதும், முதல் ஆளாக வந்து நின்றவள் சைவக்காரி இராசமணி. எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிக்கிறோம். பாப்பரசரில் என்ன திடீர்ப் பாசம் என்று கேலி செய்தேன்.

"எனக்குப் பாப்பரசர் வேண்டாமடி ரஞ்சனி. அந்தப் பழைய குளிப்பு மண்டபத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போ."

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை, பத்மநாதன் அண்ணரில்.

இராசமணிக்கு ஒரே தம்பி, சிவானந்தன். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் திரும்பி வரவேயில்லை. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. செய்ய வேண்டியதைச் செய்து தலைமுழுகு என்று சொந்தக்காரர் டெலிபோனில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். இவள் அசையவில்லை. எட்டு வருடம் கழித்து, இத்தாலிக்குச் சுற்றுலா போய் வந்த அவளுடைய ஊர்க்காரர் பத்மநாதன் அண்ணர் ஒரு கதை கொண்டுவந்தார். ரோமில் அரசர் காலத்துக் குளிப்பு மண்டபம் ஒன்று இடிந்து கிடக்கிறதாம். அதன் வாசலில் தண்ணீர்ப் போத்தல் விற்கிற ஒருவன் அச்சாகச் சிவானந்தனைப் போல இருந்தானாம்.

"கதைச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள் இராசமணி.

"எங்கையம்மா, பஸ் வெளிக்கிட்டிட்டுது."

வாய் சும்மா இருக்காத மனுசன். அன்று தொடக்கம் இவள் கம்பளி நூல் வாங்கிச் சுவெட்டர் பின்னத் தொடங்கினாள். இத்தாலி வெயிலுக்குச் சுவெட்டரா என்று நான் சிரித்தேன். விரித்துக் காட்டியபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. மெலிந்த இளம் பெடியனுக்கான அளவு. அவளுடைய தம்பிக்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான்.

ரோமில் கோயில் கோயிலாக எங்களோடு முழங்காலில் நின்றாள். சிலுவை அடையாளத்தை மறுபக்கமாகப் போட்டாள். யாரும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்த இடம். செங்கல் சுவர்கள் மலை போல நின்றன, மேலே கூரை இல்லை. இது வெந்நீர் அறை, இது நீச்சல் குளம் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனார். தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து குளித்துக் கதைபேசிச் சிரித்த இடமாம். இப்போது தரையில் வண்ணக் கற்களால் பதித்த மீன்கள் மட்டும் கிடந்தன. அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இராசமணி ஒரு சுவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் முழுக்க வாசலில்தான்.

வெளியே வந்தோம். மரநிழலில் ஒருவன் முதுகு காட்டிக் குந்தியிருந்து, ஐஸ் வாளிக்குள் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மெலிந்த கழுத்து, சரிந்த தோள்.

"ஆனந்தன்!" இராசமணி கத்திக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான். வேறு முகம். "ஆரக்கா?" என்று தமிழில் கேட்டான். தமிழில் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மன்னார்ப் பெடியன், பெயர் அருட்செல்வம். இராசமணி பையைத் திறந்து சுவெட்டரை அவன் மடியில் வைத்தாள். "மாரிக்குப் போடும் தம்பி. நோர்வேயிலையிருந்து கொண்டந்தனான்."

நோர்வே என்றதும் அவன் எழும்பிவிட்டான்.

"நோர்வேயோ? அக்கா, என்ரை அண்ணன் சவிரிமுத்து ஊரிலை காணாமல் போனவர். ஒஸ்லோவிலை அவரைக் கண்டதெண்டு ஒராள் சொன்னவர். இடது கன்னத்திலை மச்சம் இருக்கும். உங்கை அப்பிடி ஆரும் இருக்கினமோ?"

ஒஸ்லோவில் புதிதாக ஒரு தமிழன் வந்து இறங்கினால், பின்னேரத்துக்குள் நகரத்தின் மறுகோடி மோர்டென்ஸ்ருட் வரைக்கும் கதை போய்விடும். அப்படி ஒருவர் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். இராசமணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் தம்பி. அப்பிடி ஒராளைக் கண்ட மாதிரித்தான் கிடக்கு. கதைக்கேலாமல் போச்சு. ரெயின் வெளிக்கிட்டிட்டுது."

அந்தப் பெடியன் அழவில்லை. சுவெட்டரை நெஞ்சோடு பிடித்தபடி, கண்டது எந்த ஸ்டேஷனில் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவளும் ஒரு பெயர் சொன்னாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏனடி பொய் சொன்னனீ?"

"அவன்ரை முகத்தை நீயும் பாத்தனீதானே. இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பஸ் நகர்ந்தது. அவள் யன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"பத்மநாதன் அண்ணரும் என்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லியிருப்பார், என்ன ரஞ்சனி?"

இல்லையென்று சொல்லுவேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.