ஆறுமுகம் அண்ணனின் டூலில் ஏன் குங்குமம் இல்லை

ஆறுமுகம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, புனே பக்கம் தேஹு ரோடு வீட்டில். ஹார்ட் அட்டாக்.

அழுதுகொண்டே எழுத வேண்டிய பதிவு இது. கோபத்தில் எழுதுகிறேன்.

காரணம், எங்கள் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் அப்போது எங்கள் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசராக இருந்தவர் ஹிந்தியில் எழுதுகிறார்... நல்ல வெல்டர், ஆனால் தெய்வ பக்தி இல்லாத மனிதர், பூஜையன்று தன் டூலில் குங்குமம் வைக்கவே விடமாட்டார், ஆத்மா சாந்தியடையட்டும் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை.

செத்த அன்றைக்கே இதைச் சொல்ல வேண்டுமா சார்?

தெரியாதவர்களுக்கு... தொண்ணூறுகளின் கடைசியில் தேஹு ரோடு பக்கத்திலிருக்கும் தளேகாவில், மருந்து கம்பெனிகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்யும் ஃபேக்டரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் டிக் வெல்டர். நான் குவாலிட்டி செக்கிங். அவர் போட்ட வெல்டில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதுதான் என் வேலை.

"தேடு தேடு, கெடச்சா எனக்கும் சொல்லு கலா" என்பார். கிடைக்காது.

டிக் வெல்டிங்கில் ஆர்க் வருவது ஒரு டங்ஸ்டன் குச்சியின் நுனியிலிருந்து. பேனா ரீஃபில் தடிமன்தான் இருக்கும். அதைப் பென்சில் மாதிரி கூராகத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுனியில் வேறு எது ஒட்டினாலும் ஆர்க் ஆடும், வெல்டு கெடும்.

கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு பெஞ்ச் கிரைண்டர். ஊரே அதில் இரும்பைத் தீட்டும். தனி கிரைண்டர் கேட்டு அண்ணன் சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் சிங்கப்பூரில் இருந்த மச்சானிடம் சொல்லி, கைக்குள் அடங்கும் ஒரு ரோட்டரி டூலையும் அதன் மூக்கில் மாட்டும் அட்டாச்மென்ட்டையும் வரவழைத்தார். உள்ளே சின்ன டைமண்ட் வீல், பக்கத்தில் ஒரு துளை. துளையில் குச்சியை விட்டு விரலால் உருட்டினால் நுனி ஊசியாக வரும்.

அது அவருடைய சொந்தப் பொருள். இதை மறக்காதீர்கள்.

ஒரு தசரா சமயம், செண்டுமல்லி மாலை கோக்க ஊசி இல்லையென்று யாரோ சைக்கிள் ஸ்போக்கை அந்தத் துளையில் விட்டுக் கூராக்கிவிட்டார்கள். டங்ஸ்டனுக்கென்றே வைத்திருந்த வீலில் இரும்பு. அண்ணன் போட்ட சத்தத்தில் கேன்டீன்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அரே, உன் டூத் பிரஷ்ல எவனாவது ஷூ பாலிஷ் போட்டா நீ சும்மா இருப்பியா கலா?" என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கோபக்காரர் என்று பெயர்.

அடுத்த வருஷம் கண்டே நவமி. நம் ஆயுத பூஜைதான். எல்லா மெஷினுக்கும் எண்ணெயில் குழைத்த குங்குமம். சூப்பர்வைசர் தட்டோடு வந்தபோது அண்ணன் தன் வெல்டிங் ஹெல்மெட்டை நீட்டினார். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், டூல் மட்டும் வேண்டாம், துளைக்குள் இறங்கிவிடும் என்றார்.

கெஞ்சினார். மிரட்டவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அன்று அவர் நெற்றியில் பட்டையாக விபூதி இருந்தது.

அவர் பிரசாதம் வாங்கப் போன நேரத்தில் வைத்துவிட்டார்கள். துளை வாயிலேயே. திரும்பி வந்து சத்தம் போடுவாரே என்று வெளியே மட்டும் துடைத்தும் வைத்துவிட்டார்கள்.

லீவு முடிந்து முதல் டேங்க். சோதிக்கும் சாயத்தை அடித்துத் துடைத்துப் பார்த்தேன்... வெல்டு நெடுகச் சிவப்புப் புள்ளி. அத்தனையும் ஓட்டை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அட்டாச்மென்ட்டைக் கழற்றினார். உள்ளே எண்ணெயும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. அப்படியே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"பகவான் கா குங்கும் ஹை. உஸ்ஸே ஜாப் கராப் ஹோகா க்யா?" என்றார் சூப்பர்வைசர். சாமி குங்குமத்தால் வேலை கெடுமா என்று. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அண்ணனையே பார்த்தார்கள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கெடும் என்றால் சாமிக் குற்றம். கெடாது என்றால் தன் கைக் குற்றம்.

நான் சொன்னேன். எந்தக் கோயில் எண்ணெயாக இருந்தாலும் கெடும் என்று சொன்னேன். உன் வேலையை மட்டும் பார் என்றார்கள்.

அந்த வாரமே அவரை டிக்கிலிருந்து எடுத்து, இரும்பு ஸ்டாண்டு வெட்டும் வேலையில் போட்டார்கள். அந்தக் கையை... இரும்பு வெட்ட.

டூலைத் துணியில் சுற்றி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். எதிர் சீட்டில் நான்.

தேஹு ரோட்டில் இறங்கும்போது, "சாமி மேல எனக்கு இன்னா கோவம் கலா?" என்றார்.

இன்று மதியம் போயிருந்தேன். அவர் மனைவி மல்லிகா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "குரூப்ல வந்தத பையன் படிச்சிக் காட்டினான். பக்தி இல்லாதவராம்."

சாமி அலமாரிக்குத் திரை போட்டிருந்தது. "நான் தொடக் கூடாது. நீ வெலக்கிப் பாரு."

விலக்கினேன். முருகன் படத்துக்குக் குங்குமம். விளக்குக்குக் குங்குமம். முருகன் காலடியில் அந்த ரோட்டரி டூல், அட்டாச்மென்ட்டோடு. அதில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. நேற்று வைத்த பூ பக்கத்தில் வாடிக் கிடந்தது.

"தெனம் அவரேதான் பூ வெப்பாரு. பக்கத்துல. மேல வெச்சா துளைல போயிடும்பாரு" என்றார் அண்ணி.

சூப்பர்வைசர் சார், நீங்கள் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போய்ட்டு வாங்கண்ணா. பாத்துட்டுத்தான் வந்தேன். டூலை யாரும் தொடல.