போய்ப் படு என்றேன்

என் வாய் கோணியது நடிப்பில்லை. உண்மையாகவே கோணியது! அதை நடிப்பென்று சொல்லிக் கைதட்டு வாங்கிய மடையன் நான்.

சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று என் வலது கையிலிருந்து சோறு நழுவியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்... நாக்குக் குழறியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"மச்சான் தொடங்கிட்டான்டா!" என்று கத்தினான் றபீக். என் தங்கையின் கணவன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஊரில் எவரையும் நடித்துக் காட்டுகிறவன் நான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. உள்ளே நடுங்கினேன்... வெளியே சொன்னது, "எப்பிடி நம்மட நடிப்பு?"

ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இல்லை! தேத்தண்ணிக் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன்.

இரண்டு மாதம் கழிந்தது. அதே கடையில், அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த றபீக்கின் கையிலிருந்து கோப்பை விழுந்தது. வாய் கோணியது. கடையே சிரித்தது. நான்தான் உரக்க! "கை இன்னும் தொங்கணும்டா. பத்துக்கு ஆறு மார்க்!"

கால்மணி நேரத்தில் அவனும் தெளிந்தான். "மச்சான், நான் நடிக்கல்ல."

எனக்குத் தெரியாதா? என் உடம்பே அறிந்த விசயம்! ஆனால் அதை ஒத்துக்கொண்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே... "ஒண்டுமில்லடா. போய்ப் படு," என்றேன்.

விடிந்தபோது அவனுக்கு வலது பக்கம் அசையவில்லை. பேச்சும் இல்லை.

"நேத்து மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திரிக்கி," என்றார் டொக்டர். "அது சுகமானதில்ல. பெரிய வாதம் வரப்போகுதெண்ட எச்சரிக்கை. அந்த நிமிசமே கொண்டு வந்திருந்தா தடுக்கப் பார்த்திருக்கலாம்."

அதற்காக நான் இனி வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? மாட்டேன்! இன்றும் அதே கடையில்தான் இருக்கிறேன். எவனாவது கோப்பையை நழுவவிட்டால் எழும்பிவிடுவேன். "சிரி பாப்பம். ரெண்டு கையையும் தூக்கு பாப்பம். உன்ட பேரச் சொல்லு!" ஒன்று பிசகினாலும் ஆட்டோதான். சரியாகிவிட்டது என்று கெஞ்சினாலும் ஏற்றுவேன்.

விசரன் என்கிறார்கள். சொல்லட்டும்! நீங்களும் சிரியுங்கள்... சிரிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உங்களையும் விடுவேன்.

ஆனால் ஒருவனிடம் மட்டும் என் வாய்ச்சவடால் எடுபடாது. மாதக்கணக்கில் கிடந்த பிறகு றபீக்குக்குக் கொஞ்சம் பேச்சுத் திரும்பியது. கட்டிலருகே குந்தியிருந்த என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னான்:

"நீ... படு எண்டாய். படுத்துட்டன்."