சிவப்பு வாளி

நாகர்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அங்கே கதிரியக்கம் அளக்கும் அறை ஒன்று உண்டு. இந்தக் கரையின் கருமணலில் தோரியம் இயற்கையாகவே கலந்து கிடக்கிறது. அது மரச்சீனிக் கிழங்கிலும் சிப்பியிலும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள், "இன்னும் மண்ணுதான் நோண்டுதியா?" என்பார்கள். "ஆமா, உங்க காலுக்கடியில உள்ளதத்தான்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கூட இருந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த அறைக்கு நான் ஒருத்திதான். முதல்வருக்கு அதைக் கணினி அறையாக்க ஆசை. "மேடம், அந்த வெளிநாட்டுக் கூட்டமைப்பு உங்கள வச்சிருக்கது வரைக்கும் அறை உங்களுக்கு. அவிய கழிச்சுட்டா சாவியத் தந்திரணும், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டார்.

கூட்டமைப்பு என்பது பல நாட்டு ஆய்வகங்களின் கூட்டு. ஆண்டுதோறும் ஒரே பொடியை எல்லோருக்கும் அனுப்புவார்கள். அதில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று நாம் அளந்து சொல்ல வேண்டும். போன தடவை எங்கள் கருவி பழுதாகி விடை அனுப்பவே முடியவில்லை. இந்தத் தடவையும் தவறினால் நாங்கள் வெளியே.

வந்தது கடற்பாசிப் பொடி. அளந்தேன். தோரியம் தாறுமாறாக ஏறி நின்றது. மறுபடி அளந்தேன், அதேதான். பாசியில் இவ்வளவு இருக்க நியாயமே இல்லை.

நார்வேயில் எனக்கு ஒரு தோழி. கலைமான் இறைச்சியையும் காளானையும் அளப்பவள். அவளைக் காணொளியில் பிடித்தேன். அவளும் அதே பொடியை அளக்கிறவள் என்பதால் நான் விடையைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"பொடியை விடு. பொடி இல்லாமல் வெறும் அறையைக் கடைசியாக எப்போது அளந்தாய்?"

"போன மாதம்."

"அதற்குப் பிறகு அறைக்குள் புதிதாக என்ன வந்தது?"

"ஒண்ணும் வரலை" என்று அடித்துச் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை. திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில், என் தலைக்குப் பின்னால், கருவியை ஒட்டிய சுவரில், வரிசையாகச் சிவப்பு வாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

தீயணைப்பு ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று எங்கள் உதவியாளர் அக்கா போன வாரம் மணல் நிரப்பி மாட்டியவை. கதிரியக்கம் காட்டும் கைக்கருவியை எடுத்து வாளியிடம் நீட்டினேன். எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி படபடவென்று சத்தம் போட்டது.

"எக்கா, இந்த மண்ணு எங்க உள்ளது?"

"எனக்க வீட்டுக்குப் பொறத்த, கடப்பொறத்து மண்ணாக்கும். ஒரு கல்லு கெடையாது பாத்துக்கிடுங்க, சலிச்ச மாதிரி இருக்கும்!" கடற்கரைக் கருமணல்! அக்காவுக்கு அவ்வளவு பெருமை.

கோபம் வந்து, வந்த வேகத்தில் சிரிப்பாகிவிட்டது. சவம், வாழ்க்கை பூரா நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு தேடிப்போகிற மண் என் முதுகுக்குப் பின்னாலேயே தொங்கியிருக்கிறது!

வாளிகளை இறக்கினோம். முதல்வர் ஓடி வந்தார். "ஆய்வுக்காரன் வந்தா நான் என்னத்தச் சொல்ல?" வாளிகளில் ஆற்றுமணலை நிரப்பி வராந்தாவின் அந்தக் கோடியில் மாட்டச் சொன்னேன். கருமணலை மூடி போட்ட டப்பாக்களில் தூரத்துக் கிடங்கில் வைத்தோம். பிறகு வெறும் அறையை முதலிலிருந்து அளந்தேன். பொடியையும் அளந்தேன். சனி ஞாயிறு வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசி நாளில் விடையை அனுப்பினேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது, சரியான அளவோடு ஒத்துப்போனது. அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

வாளிக் கதையை நார்வேக்காரி கூட்டமைப்பு முழுவதும் பரப்பிவிட்டாள். அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர்களிடமும் பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்களாம். தோரியம் அளந்து பழகிய இளையவர்கள் இல்லையாம். அடுத்த சுற்றுக்கு அந்த வாளி மண்ணையே எல்லோருக்கும் அனுப்பித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

முடியாது. இந்த மண்ணை நினைத்தபடி நாட்டைவிட்டு அனுப்பச் சட்டம் இடம் தராது. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த வரி தானாக வந்தது: மண் வராது. ஆட்களை அனுப்புங்கள், நாங்கள் கற்றுத்தருகிறோம்.

சரி என்று, வரப்போகிறவர்களின் நீளமான பட்டியலோடு பதில் வந்தது. அதை அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன பேரு எங்க மேடம் இருப்பாவ? உங்க அறை சின்னதுல்லா?"

"ஆமா சார், சின்னதுதான்" என்றேன். "பக்கத்து அறைச் சாவியும் வேணும்."