நாலரைக்கு முன் ஏறிய பைகள்

கோடை விடுமுறைக்கு என்ன வேலை தேடலாம் என்று, சிட்னிக்குப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் தம்பிமார் சிலர் என்னைக் கேட்டார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் புத்தகம் அடுக்கும் வேலை எப்போதும் கிடைக்கும். நானும் ஒரு கோடை முழுவதும் அடுக்கினேன். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருக்க, உள்ளே குழல் விளக்கின் கீழ் ஒரு நாளைப்போல மறுநாள். அடுத்த கோடையில் படகுக்கு ஓடிவிட்டேன். அந்தப் படகில் கற்றதை இங்கே எழுதுகிறேன். எஞ்சினியரிங் வகுப்பில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

1. சப்பாத்துப் பெட்டி

படகுக்காரர் பெயர் ரான். ஐம்பது வயதிருக்கும். தன் வீட்டுப் பின்வளவில் பிளைவுட் பலகையை வெட்டி, ஒட்டி, தானே கட்டிய கட்டமரான் அது. ஹல் என்று சொல்லும் ஒடுக்கமான இரண்டு மிதவை உடல்கள், அவற்றை இணைக்கும் ஒரு தட்டு, நடுவில் ஒரு பாய்மரம், முன்பக்கத்தில் ஆட்கள் சாய்ந்து படுக்க ஒரு வலை. சனி, ஞாயிறுகளில் பாம் பீச் துறையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு ஆட்களை ஏற்றி, பிட்வாட்டர் என்ற உள்கடலின் உட்புறத்தில் ஒரு சின்ன வெண்மணல் கரைக்குக் கொண்டுபோய், மத்தியானம் சாப்பாடு போட்டு, மாலையில் திருப்பிக் கொண்டுவருவோம். துறையில் வைத்திருந்த பலகையில் ‘ஒரு நாள் கரீபியன்’ என்று எழுதியிருந்தது.

முதல் நாள் நான் கேட்டேன், கரீபியனுக்குப் போயிருக்கிறீர்களா என்று. ரானின் ஆங்கிலத்தை எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், அதுதான் அவருக்குப் பொருந்தும்.

“இல்லை. நீ?”

“நானும் இல்லை.”

“வாறவங்களும் போனதில்லை. பிறகென்ன?”

அன்றைக்கே இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று, சப்பாத்தோடு எவரும் தட்டில் கால் வைக்கக்கூடாது. துறையிலேயே கழற்றி ஒரு மரப்பெட்டியில் போடவேண்டும். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். இரண்டு, பாரம் முதலில், ஆட்கள் பிறகு. ஐஸ் பெட்டி, சட்டி பானை, பைகள் எல்லாவற்றையும் இரண்டு ஹல்லுக்கும் பிரித்து வைத்து முடித்த பின்புதான் ஆட்களை ஏற்றவேண்டும். “மனுசரும் பாரம்தான். ஆனா அது சொன்ன இடத்தில இருக்காது,” என்றார்.

அந்தக் கரையின் வாசலில் ஒரு மணல் திட்டு கிடந்தது. எங்கள் படகுக்கு முழங்கால் ஆழம் போதும், அதனால் தாண்டிவிடுவோம். அடியில் கீல் என்ற நீண்ட தகடு இறங்கும் சாதாரணப் பாய்க்கப்பல்கள் தாண்ட முடியாது. ஆகவே கரை எப்போதும் வெறிச்சென்று எங்களுக்கே கிடக்கும். கடல் வற்றத் தொடங்கினால் மட்டும் அதே திட்டு எங்களுக்கும் கதவைச் சாத்திவிடும். பிறகு நடுச்சாமத்தில் தண்ணீர் ஏறும்வரை மணலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2. முழுப் படகும் எங்கள் ஆட்கள்

இரண்டாவது கோடை முடியும்போது, ரானின் உதவி மாலுமி குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். படகில் அவனை மேட் என்பார்கள். படகுக்காரருக்கு அடுத்த ஆள், சுக்கான் பிடிப்பவன். அந்த இடத்தைத் தாருங்கள் என்று நான் கேட்டேன். மாதக்கணக்காகக் கேட்டேன். கடைசியில், அடுத்த கோடை பிறந்த பிறகு, ரான் ஒரு வழி சொன்னார்.

“ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முழுப் படகையும் நிரப்பிக் கொண்டு வா. ஆக்களை நீதான் பார்க்கிறாய். வெளிக்கிடுற நேரத்துக்கு வெளிக்கிட்டா வாற சனியிலயிருந்து நீ மேட். என்ர படகை மணலில இருத்தினாயோ, திரும்பி உன்ர நூலகத்துக்குப் போ.”

எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்களிடம் சொன்னேன். இருபத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். துறையில் நான் வாய் திறக்கும் முன்பே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரான் பெட்டியைப் பிடித்தபடி அவர்களையே பார்த்தார். “எத்தனை வருசமாத் தொண்டை கிழியக் கத்துறன். சொல்லாமல் கழட்டினது இந்தக் கூட்டந்தான்.”

தொடக்கம் நன்றாக இருந்தது. ஏறியதும் ஆண்கள் எல்லோரும் வலப்பக்கம், பெண்களும் பிள்ளைகளும் இடப்பக்கம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் பிரித்து வைத்த சட்டிகளையும் பெண்கள் தங்கள் பக்கமே எடுத்துக்கொண்டார்கள். நான் இரண்டு சட்டியைத் தூக்கி வலப்பக்கம் மாற்றினேன்.

“தம்பி, பிட்டுச் சட்டியை ஆம்பிளையளின்ர பக்கம் வைக்காதை. பீச்சுக்குப் போய்ச் சேராது,” என்றார் பரமேஸ் அன்ரி.

பரமேஸ் அன்ரி இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். அவருடைய கணவர் செல்வம் அங்கிள் ரயில்வே அலுவலகத்தில் வேலை. அவர்களோடு மருமகள் சுமதியும் வந்திருந்தாள். கலியாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கிழமைதான். மகனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி என்பதால், அவள் மாமி மாமாவோடு முதல்முதலாக வெளியே வந்தது இந்தப் பயணத்துக்குத்தான்.

செல்வம் அங்கிள் படகைத் தட்டிப் பார்த்தார். “இதுவோ கட்டுமரம்? மரத்தைக் கட்டின கயிறு ஒண்டையும் காணேல்லை. முழுக்கப் பசை.”

கரையில் இறங்கியதும் அன்ரி சுற்றிப் பார்த்தார். வெண்மணல், பச்சைத் தண்ணீர், பின்னால் வரிசையாகச் சவுக்கு மரங்கள்.

“கரீபியன் எண்டாய். ஒரு தென்னையும் இல்லையே, தம்பி?”

“பேருக்குத்தான், அன்ரி.”

“இது எங்கட காரைநகர்க் கடற்கரை,” என்றார் அங்கிள். “இதைப் பார்க்கவோ நாங்கள் பாதி உலகம் சுத்தி வந்தது?” சொல்லிவிட்டு முதலில் தண்ணீரில் இறங்கியவரும் அவர்தான். சுமதி கரையில் நின்று சிரித்தாள்.

3. இன்றைக்கு ஞாயிறு

நாலேகாலுக்குப் படகு எடுப்பதாக ஏற்பாடு. நாலு மணிக்கே நான் பாரம் ஏற்றத் தொடங்கிவிட்டேன். வெறுஞ் சட்டிகள், பாய்கள், எல்லோருடைய பைகளும். “இதுக்குள்ள சுமதியின்ர சேலை இருக்கு, நனையாம வை,” என்று அன்ரியே ஒரு பையைத் தூக்கித் தந்தார். எல்லாவற்றையும் இரண்டு ஹல்லுக்கும் பிரித்து வைத்தேன்.

கெடுத்தது தேத்தண்ணி. கடற்காற்று பிறைமஸ் அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. சவுக்கு மரத்தடியில் பெட்டி, குடை எல்லாம் சுற்றிவர வைத்து மறைத்து, ஒருவழியாகத் தண்ணீர் கொதித்து, எல்லோரும் குடித்து முடித்தபோது அங்கிள் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு அன்ரியைப் பார்த்தார். நாலரை தாண்டிவிட்டது.

“வாங்கோ, ஏறுவம்,” என்றேன்.

அன்ரி எழும்பவில்லை. “பொறு தம்பி. இண்டைக்கு ஞாயிறு.”

வேறு எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம். எழும்பியவர்கள்கூடத் திரும்ப மணலில் உட்கார்ந்தார்கள். புதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் படகு ஏறுவதா?

ரான் தண்ணீருக்குள் நின்று படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். “என்ன, ஆரையும் காணேல்லையோ?”

“எல்லாரும் இருக்கினம். நேரம் சரியில்லையாம்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

அவர் ஒரு துடுப்பை எடுத்து, அலை தொடும் இடத்தில் மணலில் குத்தினார். பிறகு அதற்கும் வெளியே சில அடி தள்ளிக் கையைக் காட்டினார். “தண்ணி அவ்வளவுக்குப் போனா நாங்கள் இஞ்சைதான் படுக்கிறம். உன்ர ஆக்கள், நீ பார்.”

எனக்கு நூலகத்தின் குழல் விளக்கு கண்ணுக்குள் வந்து போனது.

நான் படித்தவன் அல்லவா? ஒரு தடியை எடுத்து மணலில் கோடு கீறினேன். ராகுகாலம் என்பது பகலின் எட்டில் ஒரு பங்கு, ஞாயிற்றுக்கிழமை அது கடைசிப் பங்கு. நாலரை என்பது ஊரில் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் சூரியனுக்கு. இங்கே இது கோடை. மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். சூரியன் மறைய எட்டு மணி ஆகும். ஆகவே இங்கே ராகுகாலம் தொடங்குவதே ஆறு மணிக்குப் பிறகு.

“அப்ப, அன்ரி, இப்ப வெளிக்கிட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. ஆறுக்குப் பிறகு வெளிக்கிட்டாத்தான் சரியா ராகுகாலத்துக்குள்ள போறம்.”

அன்ரி கோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “கணக்குச் சரி. நூற்றுக்கு நூறு போடுவன். ஆனா என்ர வீட்டுக் கலண்டரில நாலரை எண்டுதான் கிடக்கு. ஏதும் நடந்தா சம்பந்தி வீட்டுக்கு ஆர் பதில் சொல்லுறது? நீயோ?”

“அதோட இப்ப ஆறுக்கும் போகேலாது,” என்றார் பக்கத்திலிருந்த ஒருவர்.

செல்வம் அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்ல வேலை செய்தாய், தம்பி. ஒண்டரை மணித்தியாலமாக் கிடந்ததை எட்டு மணி மட்டும் இழுத்துப் போட்டாய்.”

துடுப்பைப் பார்த்தேன். அதன் அடியில் இப்போது ஈர மணல்தான் இருந்தது. ரான் படகை இரண்டு தடவை பின்னால் தள்ளிவிட்டிருந்தார். தண்ணீர் அவருடைய தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

அப்போது காற்று கொஞ்சம் குளிர்ந்தது. சுமதி மெல்லக் கேட்டாள்: “மாமி, என்ர பை எங்கை? ஸ்வெற்றர் அதுக்குள்ளதான்.”

“தம்பி அப்பவே ஏத்திப்போட்டான், பிள்ளை.”

அப்பவே. அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். எங்கள் அப்பா கொழும்புக்கு மெயில் ரயிலில் போகும் நாட்களில், வெளிக்கிடும் நேரம் கூடாததாக இருந்தால், நல்ல நேரத்திலேயே சூட்கேசைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். பயணம் அந்த நேரத்திலேயே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு அவர் எந்த நேரத்தில் போனாலும் எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

“அன்ரி, அந்தப் பை எத்தினை மணிக்கு ஏறினது?”

“நாலு மணியிருக்கும். நான்தானே தந்தனான்.”

“அப்ப பயணம் நாலு மணிக்கே துவங்கியிட்டுது. நாங்கள் இப்ப பைக்குப் பின்னால போறம், அவ்வளவுதான்.”

ஒரு மாணவி கரும்பலகையில் எழுதிய விடையைச் சரிபார்க்கும் முகம் அன்ரிக்கு. “எல்லாற்றை பையுமோ?”

“எல்லாற்றையும். செருப்பு காலமையே ஏறியிட்டுது.”

“செருப்பைச் சேர்க்காதை.” சுற்றிப் பார்த்தார். “இவர் ஒண்டும் தரேல்லையே?”

“நான் பிட்டுச் சட்டி தூக்கிக் குடுத்தனான்,” என்றார் அங்கிள்.

“அது என்ர சட்டி.”

“அப்ப நான் உன்ர சட்டியோட போறன். இவ்வளவு நாளும் வேற என்ன செய்தனான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரி சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். அவர் எழும்பியதும் முழுக் கரையும் எழும்பியது. இருபத்துச் சொச்சம் பேர் அவ்வளவு விரைவாகப் படகு ஏறியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

4. திட்டின் மேல்

திட்டை நெருங்கும்போது அடி மணல் கண்ணாடிக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது. ரான் முன்பக்கம் போய்க் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: “சுக்கானைப் பிடி. நான் கையைக் காட்டுற பக்கம் போ.”

திட்டின் மேல் அவர் சுக்கானை எவரிடமும் கொடுத்ததில்லை. பிடித்தேன். எங்கள் படகில் பின்பக்கம்தான் ஆழம், சுக்கான்கள் இரண்டும் அங்கே தொங்குகின்றன. முன்பக்கம் பாரம் ஏறினால் பின்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பும்.

“எல்லாரும் முன்னுக்கு வாங்கோ,” என்று தமிழில் கூப்பிட்டேன். “ஆம்பிளையள் பொம்பிளையள் பார்க்காதேங்கோ. சட்டியையும் தூக்கிக்கொண்டு வாங்கோ.”

வந்தார்கள். வலைக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, மடியில் சட்டிகளோடு உட்கார்ந்தார்கள். சுமதி அங்கிளுக்கும் அன்ரிக்கும் நடுவில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ரானின் கை இடப்பக்கம் காட்டியது, பிறகு நேரே. அடியில் ஒரு மெல்லிய உரசல் கேட்டது. என் கைக்குள் சுக்கான் ஒருமுறை நடுங்கியது. உரசல் நீண்டது, நீண்டது, பிறகு இல்லை. தண்ணீரின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது.

ரான் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். சுக்கானை வாங்கிக்கொள்ளவில்லை. துறை வரும்வரை நானே பிடித்து வந்தேன்.

செருப்புப் பெட்டியை இறக்கும்போது சொன்னார்: “சனிக்கிழமை ஏழு மணிக்கு வா, மேட்.”

தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கணக்குச் சரியாகவே இருக்கலாம். அதனால் மட்டும் மணலிலிருந்து எவரும் எழும்பமாட்டார்கள். அவர்கள் எழும்ப ஒரு வழி வேண்டும். அந்த வழி அநேகமாக உங்கள் வேலையிலேயே, நீங்கள் தினமும் யோசிக்காமல் செய்யும் ஏதோ ஒன்றில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ஒரு வங்கியில் வேலை செய்யும் ஆட்கள் வந்திருந்தார்கள். துறையில் அவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, ரான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன என்று முழுவதும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப சனிக்கிழமைக்கு எத்தினை மணி?” என்றார்.

“ஒன்பதிலயிருந்து பத்தரை மட்டும்.”

ரான் மணிக்கூட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். இத்தனை வருடமாகச் சனிக்கிழமைகளில் அவர் படகு எடுக்கும் நேரம், காலை ஒன்பது மணி, அதில் எழுதியிருந்தது. போய்த் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துவந்து என் கையில் தந்தார்.

எட்டே முக்காலுக்கு அதைத்தான் முதலில் ஏற்றினேன்.