மாலை போட்டு வைத்த பல்

என் வீட்டுக்காரர் வருஷத்தில் ஒரு மண்டலம் மட்டும் குடிக்கமாட்டார். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டதும் பாட்டில் போய்விடும், நானும் அவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். மற்ற மாதங்களில் எப்படிக் கூப்பிட்டேன் என்பதை எழுத முடியாது.

அந்த ஐப்பசியில் போதையில் வண்டியோடு முதுநகர் மார்க்கெட் பக்கம் விழுந்து முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தார். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டலடித்ததில் ரோஷம் வந்துவிட்டது. தாடையெலும்பில் ஸ்க்ரூ வைத்துப் பல் கட்டலாம் என்று கேள்விப்பட்டு, சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். அதற்குள் மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டியும் துளசிமாலையுமாக நாற்காலியில் சாய்ந்தார்.

“குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நான் சாமிங்க. தொடறதே இல்ல.”

டாக்டரம்மா மாலையைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாலை கழுத்துல இருக்கற வரைக்கும்தாங்க. கழட்டுனா தெனமும் ஊத்துவாரு,” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். மலைக்குப் போகிறவர் முறைக்கிற முறைப்பா அது!

“ஸ்க்ரூ வச்சா மட்டும் பத்தாதுங்க. அதச் சுத்தி எலும்பு வளந்து புடிக்கணும், மூணு நாலு மாசம் ஆகும். ஜாஸ்தி குடிச்சா புது எலும்பு சரியா வளராது, புண்ணும் ஆறாது, சீழ் வைக்கும். அதுவரைக்கும் நிறுத்துவீங்களா?” என்று அவரிடம் கேட்டார் டாக்டரம்மா.

“சத்தியமா,” என்றார், மாலையைப் பிடித்துக்கொண்டே.

ஸ்க்ரூ வைத்துத் திரும்பிய அன்று, பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது எனக்குள் ஒரு ஆசை. மண்டலம் முடிந்த பிறகும் எலும்புக்காகக் கொஞ்ச மாதம் சும்மா இருப்பார். அத்தனை நாள் குடிக்காதவர் அப்படியே விட்டுவிடமாட்டாரா? பல் எனக்குப் பெரிதில்லை. அந்த எலும்பு பிடித்தால் என் வீடும் பிழைக்கும் என்று நம்பினேன்.

தையில் மலையிலிருந்து திரும்பினார். மாலையைக் கழற்றி சாமி படத்தில் மாட்டினார், சட்டை போட்டார், “பஜார் வரைக்கும் போயிட்டு வர்றேன்” என்றார். வந்தபோது குப்பென்று அடித்தது.

“கம்பெனி வாடைடி,” என்றார்.

அன்று அவருக்கு லீவு.

அதிலிருந்து அந்த ஈறைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. முதலில் சிவந்தது. பிறகு காலையில் தலையணையில் ரத்தம் தெரிந்தது. “பிராந்தி பட்டா பூச்சியெல்லாம் செத்துடும்” என்று வாயில் வைத்துக் கொப்பளித்தார், துப்பாமல் விழுங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் நாக்கு அந்த இடத்துக்குப் போய் எதையோ தள்ளிப் பார்க்கும். ஏதோ அசைகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுவார்.

பங்குனியில் கன்னம் வீங்கிய பிறகுதான் சிதம்பரம் வந்தார். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. டாக்டரம்மா தொட்டதும் ஆடியது. கொஞ்சம் திருகினார், கையோடு வந்துவிட்டது.

“எலும்பு புடிக்கலங்க. இருந்த எலும்பும் கரைஞ்சிருக்கு,” என்றார்.

“எலும்புக்கே இவரப் புடிக்கல. நான்தான் வுடாம புடிச்சிக்கினு இருக்கேன்.”

சிரிப்பாகத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

“குடிய நிறுத்திட்டு வாங்க. எலும்பு என்ன நிலைமையில இருக்குன்னு அப்பறம் பாக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் சமத்தாகத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஓட்டை வழியாகக் காற்றும் பேச்சும் சேர்ந்து வந்தன.

“கவலப்படாத. கார்த்திகைக்கு மாலை போடுவேன்ல, அப்ப வந்து வச்சிக்கலாம்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்திரைகூட இன்னும் பிறக்கவில்லை.